தவறு எங்கே பிடிபடுகிறது?

2015 மே மாதம் 'பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது. மொத்தம் 33 பக்கங்கள். சொல்லவந்த விஷயமும் மேற்கோள் பட்டியலும் முதல் 9 பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. மீதி 24 பக்கங்களிலும் எழுதியவர்களின் பெயர்களும் அவர்கள் வேலை செய்யும் நிறுவனங்களின் பெயர்களும்தான். ஆசிரியர்கள் 5,154 பேர். 1887-இல் அச்சேறிய சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர் ஒருவர்: கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்த உ.வே. சாமிநாதையர். சுவடி தந்தவர்கள், ஒப்புநோக்கியவர்கள், பணம் உதவியவர்கள் எனப் பலர் உண்டு. ஆனால் எந்தப் பாடம் சரி, எது ஏடெழுதியவரின் பிழை என்ற தீர்ப்பு முழுக்க அவர் தலைமேல் இருந்தது.

இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஆய்வு. இன்றைய பல்கலைக்கழகப் பதவி உயர்வுப் படிவத்தில் இந்த இரண்டு வகை உழைப்பும் அடுத்தடுத்த வரிகளில் உட்கார்ந்து, மதிப்பெண்ணாக மாறி, ஒன்றாகக் கூட்டப்படும்.

இயற்பியல் இயற்கையைப் பற்றியது, பொறியியல் செய்பொருளைப் பற்றியது, மானுடவியல் துறைகள் மனிதரைப் பற்றியவை என்று பிரிப்பது வழக்கம். கால அட்டவணை போடுவதற்கு அந்தப் பிரிவு போதும். ஆய்வு உள்ளே எப்படி நடக்கிறது என்பதை அது காட்டுவதில்லை. ஒரு துறையின் குணத்தை அறிய வேறொரு கேள்வி உதவும் என்று நினைக்கிறேன்: அங்கே ஒருவர் தவறு செய்தால், அது எங்கே, யார் கையில், எத்தனை காலத்தில் பிடிபடும்?

துகள் இயற்பியலில் பிடிக்கும் ஏற்பாடு துறைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் முடுக்கியில் அட்லஸ், சி.எம்.எஸ். என்று இரண்டு பெரிய உணர்கருவிகள் உண்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. வடிவமைப்பு வேறு, ஆட்கள் வேறு. ஒரு குழு முடிவை எட்டும்வரை மற்றதன் தரவைப் பார்ப்பதில்லை. இத்தனை செலவில் ஒரே வேலையை இரண்டு முறை செய்வது வீண் அல்லவா என்று ஒரு தணிக்கை அதிகாரி கேட்கலாம். அந்த இரட்டிப்புக்குத்தான் அத்தனை செலவும். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டபோது இரு குழுக்களும் தனித்தனியாக 'ஐந்து சிக்மா' என்ற வாசலைத் தொட்டிருந்தன. துகளே இல்லாமல் வெறும் தற்செயலால் இப்படி ஒரு மேடு தரவில் தோன்ற ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்பது அதன் பொருள்.

அந்த வாசல் ஏன் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம். அதே இரு குழுக்களும் 750 ஜி.இ.வி. ஆற்றலில் ஒரு சிறு மேட்டைக் கண்டன. வாசலுக்குக் கீழேதான் இருந்தது. ஆனாலும் கோட்பாட்டாளர்கள் பொறுக்கவில்லை. அந்தத் துகள் என்னவாக இருக்கும் என்று விளக்கி 500-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவு வந்ததும் மேடு தரைமட்டமாயிற்று. துகள் கிடையாது. கட்டுரைகள் மட்டும் இருக்கின்றன, ஒன்றையொன்று மேற்கோள் காட்டிக்கொண்டு.

ஈர்ப்பலைகளைத் தேடிய லைகோ குழு இன்னும் ஒரு படி மேலே போனது. தன் ஆட்களையே ஏமாற்றிப் பார்த்தது. 2010 செப்டம்பரில் தரவுக்குள் ஒரு போலிச் சமிக்ஞையை இரகசியமாகச் செலுத்தினார்கள். சிலருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்கள் மாதக்கணக்கில் அலசி, கட்டுரையையும் எழுதித் தயாராக வைத்தார்கள். 2011 மார்ச்சில் உறையைப் பிரித்தபோதுதான் அது சோதனை என்று தெரிந்தது. 2015 செப்டம்பர் 14 அன்று அசல் அலை வந்தபோது, நான்கு கிலோமீட்டர் நீளக் கருவி ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு அளவே அசைந்தது. குழுவில் பலர் முதலில் கேட்டது, இதுவும் போலிதானா என்பதையே. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் ஆய்வு இது.

சில நேரம் ஏற்பாடு மானத்தை வாங்கியும் விடும். 2011 செப்டம்பரில் ஒபேரா குழு, செர்னிலிருந்து 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு வந்த நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்தன என்று அறிவித்தது. எங்களுக்குத் தவறு புலப்படவில்லை, நீங்கள் கண்டுபிடியுங்கள் என்ற தொனியில்தான் அந்த அறிவிப்பு இருந்தது. சில மாதங்களில் அவர்களே கண்டுபிடித்தார்கள்: ஓர் ஒளியிழைக் கம்பி சரியாக முடுக்கப்படாமல் தளர்ந்திருந்தது. குழுவின் தலைவர் பதவி விலகினார். அந்தக் குழு செய்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. தவறை ஊரறியத் தேடச் சொன்னார்கள், கிடைத்தது. ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

இயற்பியல் முழுக்க இப்படி வேகமானது என்று எண்ணிவிடக் கூடாது. 1876-78 காலத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனின் போக்குக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவாக அது ஒரு காரணம். 1899-இல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அதைவிடப் பெரிய சொத்து, மேகம் விலகிய நாளெல்லாம் எடுத்துச் சேர்த்த சூரியப் படங்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தக் கண்ணாடித் தகடுகளை எண்மமாக்கி, அவற்றை எடுத்தவர்கள் நினைத்தும் பார்த்திராத கேள்விகளை இப்போது கேட்கிறார்கள். அங்கே ஆய்வு என்பது வரிசை அறுந்துபோகாமல் காப்பது. தகடு எடுத்த உதவியாளரின் பெயர் எந்தக் கட்டுரையிலும் இராது.

பொறியியலுக்கு வருவோம். இதைப் 'பயன்பாட்டு அறிவியல்' என்று அழைப்பதில் ஒரு மேட்டிமை இருக்கிறது. அறிவு மேலே இயற்பியலில் உண்டாகிறது, கீழே இறங்கி வந்து பாலமாகிறது என்பது போல. அமெரிக்காவின் டகோமா பாலத்தின் கதை அந்த எண்ணத்தைக் கலைத்துவிடும்.

வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறக்கப்பட்ட தொங்குபாலம் அது. நடுத்தாவல் 853 மீட்டர். கட்டும்போதே அலைபோல ஏறி இறங்கியது. மக்கள் அதற்குச் செல்லப்பெயர் வைத்து, வேடிக்கையாக வண்டியோட்டிப் போனார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபார்குவார்சன் மாதிரிப் பாலம் செய்து காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார், பரிகாரங்களும் பரிந்துரைத்தார். அவை நிறைவேறுவதற்குள், நவம்பர் 7 அன்று, மணிக்கு சுமார் 68 கிலோமீட்டர் காற்றில் பாலம் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்தது. காருக்குள் விடப்பட்ட ஒரு நாய் மட்டும் இறந்தது. ஃபார்குவார்சன் அன்று பாலத்தின் மேலேயே இருந்தார்.

அந்த அசைபடத்தைப் பார்க்காமல் இயற்பியல் படித்தவர் குறைவு. பாடநூல்கள் தந்த விளக்கமும் எளிமையானது: காற்று அடித்த தாளமும் பாலத்தின் இயல்பான தாளமும் ஒன்றாயின, ஆகவே ஒத்ததிர்வு. பல தலைமுறை மாணவர்கள் இதை எழுதி மதிப்பெண் வாங்கினார்கள். 1991-இல் பில்லா, ஸ்கான்லன் இருவரும் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் இது பிழை என்று விரிவாக எழுதினார்கள். அன்றைய காற்றில் பாலத்தின் பின்புறம் சுழல்கள் உதிர்ந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்று. பாலம் முறுக்கிக்கொண்டது ஐந்து நொடிக்கு ஒரு முறை. இரண்டு தாளமும் பொருந்தவே இல்லை. உண்மையில் பாலத்தின் அசைவே காற்றோட்டத்தை மாற்றியது. மாறிய காற்றோட்டம் அசைவுக்கு மேலும் ஆற்றல் ஊட்டியது. வெளியிலிருந்து தாளம் எதுவும் தேவைப்படவில்லை. விமான இறக்கைகளில் 'ஃப்ளட்டர்' என்று பொறியாளர்கள் அஞ்சும் அதே வகை ஆட்டம். பாலப் பொறியாளர்களுக்கு இது பல பத்தாண்டுகளாகத் தெரியும். காற்றுச் சுரங்கச் சோதனை இல்லாமல் பெரிய தொங்குபாலம் வடிவமைப்பதையே அவர்கள் நிறுத்திவிட்டிருந்தார்கள். பாலம் விழுந்தால் பொறியாளர் திருந்தியாக வேண்டும். பாடநூலில் பிழை இருந்தால் எதுவும் இடிந்து விழுவதில்லை, அடுத்த பதிப்பும் அப்படியே வரும்.

லண்டனின் மில்லேனியம் நடைப்பாலம் இன்னொரு பாடம். 2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். கூட்டம் நடக்க நடக்கப் பாலம் பக்கவாட்டில் ஆடியது. ஆட்டத்தைச் சமாளிக்க மக்கள் காலை அகட்டி வைத்து நடந்தார்கள், ஆட்டம் கூடியது. இரண்டு நாளில் மூடினார்கள். வடிவமைத்த அருப் நிறுவனம் ஆட்களைப் பாலத்தில் நடக்கவிட்டு அளந்தது. அதிர்வு தணிக்கும் கருவிகளைப் பொருத்திய பிறகு 2002 பிப்ரவரியில் மீண்டும் திறந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, கண்டதை அவர்கள் தொழில் இரகசியமாகப் பூட்டி வைக்காமல் வெளியிட்டதுதான். உலகெங்கும் நடைப்பால விதிமுறைகள் அதனால் மாறின. ஆட்டத்துக்குக் காரணம் நடப்பவர்கள் எல்லாரும் ஒரே அடியில் கால் வைக்கத் தொடங்குவதுதான் என்று அப்போது பரவலாகச் சொன்னார்கள். 2021-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, அப்படி அடி ஒத்துப்போகாமலேயே பாலம் ஆடத் தொடங்க முடியும் என்று கணக்கிட்டுக் காட்டியது. விளக்கம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. பாலமோ இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆடாமல் நிற்கிறது.

காரணம் முழுவதும் தெரிவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும் என்பதுதான் பொறியியல் ஆய்வின் இயல்பு. பாதுகாப்புக் காரணி என்று ஓர் எண்ணை வைத்துப் பெருக்குகிறார்களே, அறியாமைக்கு அவர்கள் ஒதுக்கும் இடம் அது. எனக்குத் தெரிந்து வேறெந்தத் துறையும் தன் அறியாமையை இவ்வளவு வெளிப்படையாக ஓர் எண்ணாக எழுதி வைப்பதில்லை. எல்லாப் பொறியியல் தவறும் ஒரே நாளில் விழுந்தும் விடாது. உப்புக்காற்று இரும்பை அரிப்பது மெல்லவே நடக்கும். அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிமானத்தை நெடுங்காலமாக ஆராய்கிறது. மண்டபம் கடற்கரை மாதிரியான இடங்களில் உலோகத் துண்டுகளைக் காற்றில் வைத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது அந்த வேலையின் ஒரு பகுதி. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் அப்படிப்பட்ட காற்றில்தான் நூறாண்டுக்கு மேல் நின்றது.

மானுடவியல் துறைகளில் நிலைமை வேறு. சோதனையைத் திரும்பச் செய்ய வழியில்லை. அசோகரையோ அதியமானையோ மறுபடி அழைத்து வந்து கேட்க முடியாது. அதனால் அங்கே சொல்வதெல்லாம் அபிப்பிராயம் என்று சில பொறியாளர் நண்பர்கள் கூசாமல் சொல்வார்கள். அவர்களுக்குச் சொல்ல இரண்டு கதைகள் உண்டு.

கிரீட் தீவிலும் கிரேக்க நிலத்திலும் கிடைத்த 'லீனியர் பி' களிமண் பலகைகளை அரை நூற்றாண்டாக யாராலும் படிக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஆலிஸ் கோபர் எந்தக் குறி எந்தக் குறியோடு எங்கே வருகிறது என்பதை ஆயிரக்கணக்கான சிறு அட்டைகளில் எழுதி, சிகரெட் பெட்டிகளில் அடுக்கி வைத்தார். போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம். கிடைத்த தாளையெல்லாம் நறுக்கி எழுதினார். 1950-இல் அவர் இறந்தார். அவருடைய முறையின் மேல் நின்று, தொழிலால் கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-இல் அந்த மொழி பழங்கிரேக்கம் என்று அறிவித்தார். நம்பாதவர்கள் பலர். மறு ஆண்டு, பைலோஸ் அகழாய்வை நடத்திய கார்ல் பிளேகன், வென்ட்ரிஸ் பார்த்தேயிராத ஒரு பலகையை எடுத்து அந்த முறைப்படி படித்துப் பார்த்தார். முக்காலிப் பாத்திரத்தின் படத்துக்கு அருகே முக்காலி என்று வந்தது. நான்கு கைப்பிடி, மூன்று கைப்பிடி, கைப்பிடியே இல்லாதது என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுத்து பொருந்தியது. இதற்குமேல் என்ன முன்கணிப்புச் சோதனை வேண்டும்?

இரண்டாவது கதை நம்மூரில். அசோகரின் கல்வெட்டு சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து சதியபுத்திரர் என்று ஒரு மரபைச் சொல்கிறது. யார் அவர்கள்? 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அறிஞர்கள் ஆளுக்கோர் இடம் சொன்னார்கள். 1981-இல் திருக்கோயிலூர்ப் பகுதியில் உள்ள ஜம்பையில் ஒரு சிறு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. சதியபுத்திரன் என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் அதில் இருந்தது. ஒரே வரி. அதற்கு முன் எழுதப்பட்ட பல பக்கங்கள் ஒரே நாளில் காலாவதியாயின. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன், 1965-இல், புகலூர்க் கல்வெட்டில் வரும் சேரர் மூவரின் பெயர்களைப் பதிற்றுப்பத்தின் அரசர்களோடு ஐராவதம் மகாதேவன் பொருத்தியதும் இதே வகை. பாட்டு ஒரு சாட்சி, பாறை இன்னொரு சாட்சி. ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தருகின்றன. அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் செய்வதும் வேறொன்றல்ல. வேறுபாடு ஒன்றுதான்: இரண்டாவது சாட்சி எப்போது வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. நாளையும் வரலாம், வராமலே போகலாம்.

சாட்சி வராதபோது என்ன செய்வது? அதற்கும் முறை உண்டு. சுவடிப் பதிப்பில் பாடபேதம் வந்தால், பொதுவாகக் கடினமான பாடத்தையே மூலத்துக்கு நெருக்கமானதாகக் கொள்வார்கள். ஏடெழுதுபவர் தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிவிடுவது அடிக்கடி நடக்கும், எளிய சொல்லைக் கடினமாக்குவது அரிது. தவறு எந்தத் திசையில் சாயும் என்று தெரிந்தால் தவறைத் திருத்தலாம் என்பதே இதன் தருக்கம். கருவிப் பிழையைக் கணக்கிடும் இயற்பியலாளருக்கு இது அந்நியமாக இராது. சாமிநாதையருக்கு இன்னொரு தேவையும் இருந்தது. சிந்தாமணி சமணக் காப்பியம். சைவச் சூழலில் கற்ற அவருக்கு அந்த மரபு புதிது. கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 1880-இல் சேலம் இராமசாமி முதலியார் அவர் கையில் சிந்தாமணியைச் சேர்த்தது முதல் நூல் அச்சாவதுவரை ஏழு ஆண்டுகள். தமக்குத் தெரியாத உலகத்தைப் பற்றிய நூலில் எங்கெங்கே தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே தேடிப்போன ஏழு ஆண்டுகள் அவை.

துறைகள் தனித்தனியாக இருக்கும்வரை சிக்கல் குறைவு. ஒரே குழிக்குள் இறங்கும்போதுதான் கடினம். நம் காலத்தில் தமிழர் அதிகம் விவாதித்த ஆய்வு முடிவுகள் அப்படிப்பட்ட குழிகளிலிருந்து வந்தவை: பொருந்தல், கீழடி, சிவகளை.

கரிமக் காலக்கணிப்பை வில்லார்ட் லிபி 1949-இல் நிறுவினார், 1960-இல் நோபல் பெற்றார். உயிர் உள்ளவரை மரமும் நெல்லும் காற்றிலிருந்து கார்பன்-14 ஏற்கும். செத்தபின் அது 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறையும். மீதியை அளந்தால் வயது தெரியும். எல்லாக் காலத்திலும் காற்றில் கார்பன்-14 ஒரே அளவில் இருந்தது என்று லிபி கொண்டது சரியாக இல்லை. சூரியனின் போக்குக்கும் புவியின் காந்தப்புலத்துக்கும் ஏற்ப அது ஏறி இறங்கியது. மரங்களின் ஆண்டு வளையங்களை எண்ணி, வளையம் வளையமாக அளந்து, ஒரு திருத்த வளைவை உருவாக்கினார்கள். இன்று எந்த ஆய்வுக்கூடமும் அந்த வளைவில் வைத்துத்தான் ஆண்டைச் சொல்கிறது.

அந்த வளைவு கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டச் சமதளமாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் சமவெளி என்பார்கள். அந்த நானூறு ஆண்டுகளில் எப்போது வெட்டப்பட்ட மரமானாலும் கார்பன் அளவு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். கி.மு. 750-ஐயும் 450-ஐயும் கரிமக் கணிப்பை மட்டும் வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். இப்போது நம் எண்களைப் பாருங்கள். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580. பழநி அருகே பொருந்தல் ஈமச்சின்னத்தில் கிடைத்த நெல் கி.மு. 490. இரண்டும் சமவெளியின் நடுவில். நாளிதழ்த் தலைப்புக்கு ஓர் ஆண்டு வேண்டும், ஆகவே ஓர் ஆண்டு கொடுக்கப்படுகிறது. ஆய்வுக்கூட அறிக்கையில் இருப்பதோ ஒரு வீச்சு. இதனால் கீழடியின் தொன்மை குறைந்துவிடாது. சமவெளிக்குள் விழும் மாதிரி அசோகருக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. அந்த முடிவு வலுவானது, 580 என்ற எண் வலுவானதல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடையில் பேசுவோரும், அந்தக் குழப்பத்தைக் காட்டி முழு முடிவையும் தள்ளிவிட முயல்வோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று, கரித்துண்டு தன் வயதைச் சொல்லும், அருகிலிருக்கும் பானையின் வயதைச் சொல்லாது. இரண்டும் ஒரே மண்ணடுக்கில் ஒரே காலத்தில் சேர்ந்தவை என்று சொல்ல வேண்டியவர் கரண்டியும் தூரிகையுமாகக் குழிக்குள் இருந்த தொல்லியலாளர். அதிலும் முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உட்கட்டையை எரித்திருந்தால் கரியின் வயது நெருப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு கூடும். நெல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஓராண்டுப் பயிர். அதனால்தான் சிவகளைத் தாழியில் கிடைத்து, கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்ட நெல்லை நான் பல கரித்துண்டுகளைவிட மேலாக மதிக்கிறேன். அதே சிவகளையில் இரும்பின் காலத்தை கி.மு. 3345 வரை கொண்டுபோன கணிப்புகளை 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்டபோது, மாதிரிகள் அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு மட்டுமல்லாமல் லக்னோவுக்கும் அகமதாபாத்துக்கும் போயிருந்தன. அகமதாபாத்தில் கையாண்டது கரிமத்தைச் சாராத வேறு முறை: மண்துகள் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்பதை அளப்பது. நல்ல ஏற்பாடு. அத்தனை பழைய இரும்பு மற்ற இடங்களிலும் இதே வரிசையில் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு விடை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை, அது இன்னும் தோண்டாத குழிகளில் இருக்கிறது.

கீழடியின் முதல் இரண்டு கட்டங்களைப் பற்றிய 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கொடுக்கப்பட்டது. 2025-இல் அத்துறை திருத்தம் கேட்டது. அகழ்ந்தவர் தம் காலக்கணிப்பில் மாற்றமில்லை என்றார். யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒபேரா குழு தன் சந்தேகத்துக்குரிய முடிவை வெளியே வைத்ததால்தான் தளர்ந்த கம்பி அத்தனை சீக்கிரம் அகப்பட்டது. அறிக்கை அலமாரியில் இருக்கும்வரை அதில் தவறு இருந்தாலும் யாராலும் பிடிக்க முடியாது, சரியாக இருந்தாலும் யாராலும் உறுதிப்படுத்த முடியாது.

இத்தனை விதமாக நடக்கும் வேலையை எதை வைத்து அளக்கிறோம்? யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கினார். நூலகங்கள் இதழ்களைத் தேர்ந்தெடுக்க உதவியாக 'தாக்கக் காரணி' வந்தது. ஓர் இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் பெற்றன என்பது அதன் கணக்கு. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தனி ஆய்வாளருக்கு ஓர் எண்ணைக் கண்டுபிடித்தார்: பத்துக் கட்டுரைகள் குறைந்தது பத்து மேற்கோளாவது பெற்றிருந்தால் உங்கள் எச்-குறியீடு பத்து. அவருடைய துறையிலேயே அது எங்கே உடைகிறது என்பதற்கு 750 ஜி.இ.வி. மேடு போதும். இல்லாத துகளைப் பற்றிய கட்டுரைகள் மேற்கோள்களை அள்ளின. பீட்டர் ஹிக்ஸ் 1964-க்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் பத்தைத் தாண்டா. இன்றைய முறையில் தமக்கு வேலையே கிடைத்திராது என்று 2013-இல் நோபல் பெற்ற சமயத்தில் அவரே சொன்னார்.

மற்ற துறைகளில் அது உடைவதைவிட மோசம், தொடவே மாட்டேன் என்கிறது. மொழியியலாளர் மறே எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் இருந்து, நீலகிரியில் தொதவர் மொழியைக் கேட்டு எழுதினார். அவருடைய தொதவ இலக்கணமும் உரைத்தொகுப்பும் நூலாக வந்தது 1984-இல். அதே ஆண்டு, தாமஸ் பரோவோடு சேர்ந்து 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் திருத்திய பதிப்பும் வந்தது. இன்று திராவிட மொழியியலில் அந்த அகராதியைத் தொடாமல் ஒரு வரி எழுத முடியாது. இரண்டு ஆண்டு சாளரத்தில் எட்டிப் பார்த்தால் அங்கே ஒன்றும் தெரியாது.

நம் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில் ஆசிரியர்களின் ஆய்வுக்கு மதிப்பெண் அட்டவணை ஒன்று உண்டு. அறிவியல், பொறியியல் கட்டுரைக்கு 8. மொழி, மானுடவியல் கட்டுரைக்கு 10. தாக்கக் காரணிக்கு ஏற்பக் கூடுதல் மதிப்பெண் தனி. இந்தியப் பதிப்பகத்தில் நூல் எழுதினால் 10, நூலுக்குப் பதிப்பாசிரியராக இருந்தால் 8. பலர் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முதன்மை ஆசிரியருக்கு 70 விழுக்காடு, மற்ற ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடு. ஒரு விளையாட்டுக்காகக் கணக்கிட்டேன். ஹிக்ஸ் நிறைக் கட்டுரையின் 5,154 பேருக்கும், கூடுதல் எதுவும் சேர்க்காமல், ஆளுக்கு 2.4 வீதம் கொடுத்தாலே மொத்தம் 12,000-ஐத் தாண்டுகிறது. ஏழு ஆண்டு உழைப்பில் வந்த சிந்தாமணிப் பதிப்பை நூலாகக் கொண்டால் 10, பதிப்பாசிரியர் கணக்கில் வைத்தால் 8. ஒரு தமிழ்க் கட்டுரைக்கு 10.

அட்டவணை இருக்கும் இடத்தில் அதை நிரப்பித் தருகிறவர்களும் வருவார்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து ஒரே அடியாக 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு 'கேர்' என்ற புதிய பட்டியல் வந்தது. 2022-இல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற நிபந்தனை போயிற்று. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. எந்த இதழ் தரமானது என்று இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம், உதவிக்குச் சில அளவுகோல்களைத் தருகிறோம் என்றார்கள்.

2025 ஜனவரியில் அதே மானியக் குழு ஆசிரியர் நியமனத்துக்குப் புதிய வரைவு விதிகளை வெளியிட்டது. மதிப்பெண் அட்டவணையை எடுத்துவிட்டு, ஒருவரின் குறிப்பிடத்தக்க பங்களிப்புகளைத் தேர்வுக்குழு படித்துப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. அப்படியானால் அந்தக் குழுவில் சுவடி படிக்கத் தெரிந்தவர் யார், காற்றுச் சுரங்கத்தில் வேலை செய்தவர் யார், ஐயாயிரம் பேர் கட்டுரையில் ஒருவர் செய்தது எது என்று பிரித்தறியக் கூடியவர் யார் என்ற கேள்விகள் எழுந்திருக்க வேண்டும். தமிழகச் சட்டமன்றம் அந்த வரைவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஊடகங்களும் பல நாள் பேசின. பேச்சு பெரும்பாலும் துணைவேந்தரை யார் நியமிப்பது என்பதைச் சுற்றியே நடந்தது.